ரேடியோ ரூம் சாவி

நம் செட்டு ஆட்களுக்கு மட்டும் இதை எழுதுகிறேன். குரூப்பில் போட்டால் நடுவில் யாராவது குட்மார்னிங் ரோஜாப்பூவைத் தள்ளிவிடுவீர்கள், அதற்கு எல்லோரும் கைகூப்புவீர்கள், நான் சொல்ல வந்தது மேலே போய்விடும். அதனால் தனியாக, கொஞ்சம் நீளமாக. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

ரேடியோ ரூம் ஞாபகம் இருக்கிறதா? பால்வாடிக்குப் பின்னால், புளியமரத்தை ஒட்டி, ஓடு போட்ட ஒற்றை அறை. ஊருக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்தபோது அதற்கென்று கட்டியது. நாம் ஸ்கூலுக்குப் போகத் தொடங்கும் முன்பே ரேடியோ வாயடைத்துப்போய், அதை யாரோ எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். பேர் மட்டும் நின்றது. அந்த அறையில்தான் என் சித்தி மியூசியம் வைத்திருந்தாள். நீங்கள் அதைக் குப்பை ரூம் என்றீர்கள். மறுக்க வேண்டாம், என் காதுபடவே சொன்னீர்கள்.

சித்தி என் அம்மாவின் தங்கை, பால்வாடி டீச்சர். கல்யாணமாகி நெய்வேலிக்குப் போனவள், கொஞ்ச நாளிலேயே ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். சித்தப்பா அங்கே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டார் என்பது நான் பெரியவளான பிறகுதான் தெரியும். அப்போது எங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் சித்திக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான். எங்கள் வீட்டில் அவள் சமைத்தாள், பெருக்கினாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். ஆனால் அந்த வீட்டில் இது சித்தியுடையது என்று சொல்ல ஒரு தட்டுகூடக் கிடையாது. அவள் சொன்னபடி நடந்த இடம் அந்த ரேடியோ ரூம் ஒன்றுதான். அதன் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். குளித்துவிட்டு மாற்றுப்புடவை கட்டியதும், பொட்டு வைப்பதற்கு முன்னால், சாவியை முடிவாள்.

மியூசியம் ஒன்றும் திட்டம் போட்டு வந்ததல்ல. ஊரில் பம்ப்செட் வந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த ஏற்றச் சால் பால்வாடி வாசலுக்குக் குப்பை போடும் வாளியாக வந்து சேர்ந்தது. சித்தி அதைத் தேய்த்துக் கழுவி ரேடியோ ரூமில் வைத்தாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நெல் அளந்து வாய் தேய்ந்த மரக்கால், உறி, நெல் குத்துகிற குந்தாணி, ஒரு பக்கம் உடைந்துபோன திருகை. கடை பாய் வீட்டிலிருந்து செம்பு சகன் வந்தது. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற அந்தப் பெரிய தட்டு. ஈயப் பூச்செல்லாம் போய்விட்டிருந்தது. பாய் வீட்டு அம்மாவே தலையில் சுமந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாலு பேர் சேர்ந்து உட்காருகிறதே இல்லை, எல்லோரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் அப்பா டவுனில் பீங்கான் பேட்டையில் சூளையில் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். புருவமெல்லாம் வெள்ளை மண் படிந்து, முப்பத்தைந்து வயதிலேயே கிழவர் மாதிரி வீட்டுக்கு வருவார். சித்தி கேட்டுக் கேட்டு, அவர் சுடாத பீங்கான் வில்லைகளை உள்ளங்கை அளவில் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சித்தி பழுப்புச் சாயத்தில் ஈர்க்குச்சியால் பேர் எழுதுவாள். ஏற்றச் சால். மரக்கால். உறி. சகன். அப்பா அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், பொம்மைகளும் ஜாடிகளும் வேகிற சூளையில் ஒரு ஓரத்தில் செருகிவிடுவார். திரும்பி வரும்போது வில்லை கண்ணாடி மாதிரி மின்னும். எழுத்து இனி அழியாது. முதலாளி பார்த்தால் தன் வேலை போய்விடும் என்று அப்பா ஒவ்வொரு தடவையும் முனகுவார். அடுத்த தடவையும் எடுத்துப்போவார்.

வைப்பது சுலபம். காப்பாற்றுவதுதான் பாடு. கரையான் ஒரு பக்கம், எலி ஒரு பக்கம். ஓட்டில் ஒழுகும் இடத்துக்குக் கீழே எதையும் வைக்கக் கூடாது, ஒழுகும் இடமோ மழைக்கு மழை மாறும். ஞாயிற்றுக்கிழமை மரச் சாமான்களை எல்லாம் வெளியே வெயிலில் போட்டு, வேப்பெண்ணெய் தடவி, உள்ளே வேப்பிலைப் புகை போட வேண்டும். ஆடு வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பால்வாடிப் பிள்ளைகள் குந்தாணிக்குள் ஒன்றுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான், அதில் எனக்குப் பாதி வெற்றி. அந்த அறையின் வாசனை இப்போதும் எனக்கு வரும். வேப்பம்புகை, தவிடு, துருப்பிடித்த இரும்பு, எல்லாவற்றுக்கும் அடியில் கொஞ்சம் மூத்திரம்.

சித்தி ஒரு வழக்கம் வைத்திருந்தாள். பொருள் கொடுத்தவர் அதைக் கொடுத்துவிட்டதாக அர்த்தமில்லை. அறுப்பின்போது மரக்கால் வேண்டுமென்றால் வந்து எடுத்துப்போகலாம், கல்யாணத்துக்கு உலக்கை வேண்டுமென்றாலும் அப்படித்தான். வேலை முடிந்ததும் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். பொருள் அவர்களுடையது, அலமாரி சித்தியுடையது. இதனால்தான் யாரும் கொடுக்கத் தயங்கவில்லை. இதனால்தான் பின்னால் எல்லாம் கெட்டதும்.

அந்த வருஷம் மார்கழியில் சொசைட்டிக்கு உரம் வைக்க இடம் போதவில்லை. தலைவர் பால்வாடிக்கு வந்தார். நல்ல மனிதர்தான், குரலே உயர்த்தமாட்டார்.

"நான் வேணாம்னு சொல்லலம்மா. டவுனுக்கு அந்தப் பழம்பொருள் ஆபீசர் வராருல்ல, அவரு ஒரு எட்டு வந்து பாத்துட்டு இது இருக்கணும்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் ரூமு ஒனக்குத்தான். இல்லன்னா மூட்டைய அடுக்க வேண்டியதுதான், நான் என்ன பண்ண?"

சித்தி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீசருக்குச் சொல்லி அனுப்பினாள், வருகிறேன் என்று பதில் வந்தது, வரவில்லை. மறுபடி சொல்லி அனுப்பினாள், மறுபடியும் வரவில்லை. பொங்கல் நெருங்கிவிட்டது. வீடுகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆபீசர் டவுனில் பயணியர் மாளிகையில் தங்கியிருக்கிறார் என்று அப்பா சேதி கொண்டுவந்ததும், நேரே போய்க் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று சித்தி முடிவு செய்தாள். போகிக்கு முன்னாலே ஒரு நாள், காலை பஸ்ஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். தனியாகப் போனால் ஊர் பேசும், அதற்குத்தான் நான்.

கிளம்பும்போது அம்மா சாவியைக் கேட்டாள். ஆபீசர் வருவதற்குள் கூட்டித் தண்ணீர் தெளித்து வைக்கிறேன் என்றாள். சித்தி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அதை அவள் இன்னொருத்தர் கையில் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டவுனில் வெகுநேரம் காத்திருந்தோம். மாளிகை வாசலில் வாதாமரத்தடியில் சித்தி நின்றுகொண்டே இருந்தாள், உட்கார்ந்தால் புடவை கசங்கும் என்று. எனக்குப் பன் வாங்கிக் கொடுத்தாள். வழியெல்லாம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். ஏற்றத்தில் ஏறி மிதிப்பவர்கள் பாட்டுப் பாடித்தான் எத்தனை சால் என்று எண்ணுவார்கள் என்பதை மறக்காமல் ஞாபகப்படுத்தச் சொல்லி என்னிடம் ஒப்படைத்திருந்தாள். கடைசியில் ஆபீசர் வந்தார், சலிப்போடு ஜீப்பில் ஏறினார், எங்களையும் ஏறச் சொன்னார். நான் முதன்முதலில் ஜீப்பில் போனது அன்றைக்குத்தான். மணிமுத்தாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க, சித்தி சிரித்தாள். நெய்வேலியிலிருந்து வந்த பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரேடியோ ரூம் வாசலில் கோலம் போட்டிருந்தது, மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. தெருப் பெண்கள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள், உங்கள் அம்மாமார் எல்லோரும்தான். பாய் வீட்டு அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரமாக நின்றார்கள். தலைவரும் வந்திருந்தார். என் அம்மா கதவைத் திறந்தாள்.

மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. வேப்பம்புகை இல்லை, சாம்பிராணி வாசனை. அப்புறம் கண் கூசியது.

அலமாரி முழுக்க எவர்சில்வர். மரக்கால் இருந்த இடத்தில் பெண்பேர் வெட்டிய புதுக் குடம், உள்ளே சீர்வரிசைக் காகிதம்கூட எடுக்கவில்லை. உறி தொங்கிய ஆணியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பின்னிய ஒயர் கூடை. பாய் வீட்டுச் செம்பு சகன் போய், அங்கே துபாயிலிருந்து வந்த ரோஜாப்பூ போட்ட டீ செட்டு. ஏற்றச் சால் இருந்த இடத்தில் ஐந்தடுக்கு டிபன் கேரியர். குந்தாணியை உருட்டிவிட்டு அந்த இடத்தில் ஸ்டூல் போட்டு, ஸ்டூலுக்கு மேல் என் அம்மாவின் பிரஷர் குக்கர். எல்லாவற்றுக்கும் நடுவே அப்பா கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் குதிரை, கழுத்தில் சாமந்தி மாலை. வில்லைகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நன்றாகத் துடைத்து அந்தந்த இடத்திலேயே வைத்திருந்தார்கள்.

இதில் கள்ளம் ஒன்றுமில்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய மனிதர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவர் கண்ணுக்கு முன்னால் ஓட்டையும் உடைசலும் வைப்பதா என்று அம்மாதான் ஆரம்பித்திருக்கிறாள். விருந்தாளிக்கு நசுங்கின லோட்டாவில் தண்ணீர் கொடுப்போமா? வீட்டில் இருப்பதிலேயே நல்லதை எடுத்துத்தானே கொடுப்போம். அவரவர் பழசை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டு, அதற்குப் பதில் அந்த வீட்டிலேயே உசத்தியானது எதுவோ அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பெண் கல்யாணத்துக்குப் பூட்டி வைத்ததெல்லாம் பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. ஒருவர்கூட மட்டமானதை வைக்கவில்லை.

ஆபீசர் குனிந்து ஏற்றச் சால் என்ற வில்லையைப் படித்தார். நிமிர்ந்து டிபன் கேரியரைப் பார்த்தார். இன்னொரு வில்லையைப் படித்தார், டீ செட்டைப் பார்த்தார். அவர் மீசைக்குள் சிரிப்பதை நான் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த மீசையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருக்கிறது. "பழசெல்லாம் எங்கம்மா?" என்று சித்தியைக் கேட்டார்.

சித்தி அக்காவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் வியர்த்து மின்னியது, அவ்வளவு சந்தோஷம். பின்னால் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள், தங்கள் வீட்டுப் பொருளைத் துரை பார்க்கிறாரா என்று. சித்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். தெரியாமல் மாற்றிவிட்டார்கள், வீடுவீடாக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்துவிடுவோம் என்று சொன்னால் போதும். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"இதுதாங்க இருக்குது" என்றாள் சித்தி.

அப்புறம் அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டவும் செய்தாள். இது இந்த வீட்டுப் பெண்ணுக்கு எடுத்தது, இது அவங்க பிள்ளை துபாயிலிருந்து அனுப்பியது என்று. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. ஏற்றப் பாட்டை ஞாபகப்படுத்த எனக்கும் வாய் வரவில்லை. துபாய்க் கோப்பையிலேயே ஆபீசருக்கு டீ கொடுத்தார்கள். குதிரைப் பொம்மையையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது அவர் தலைவரிடம், அறை நல்ல சுத்தமாக இருக்கிறது, உபயோகமாக எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெண்கள் எல்லோருக்கும் ஏக திருப்தி.

அன்று சாயங்காலம் எனக்குத் தலை பின்னும்போது, அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். சித்தி பின்னலை வெடுக்கென்று இழுத்தாள். வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒங்கம்மா அந்தக் குக்கர எங்கையில குடுத்ததே இல்ல. நீ ஒடச்சிடுவன்னு சொல்லும். இன்னிக்கு எனக்காவ அதுவே தூக்கிட்டு வந்து வச்சிருக்குது. வாய மூடிக்கிட்டு இரு."

மறுநாளே உர மூட்டை வந்து இறங்கியது. பழசையெல்லாம் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று பெண்கள் கேட்டார்கள். எங்கே வைப்பது என்று சித்தியால் சொல்ல முடியவில்லை. வீடுகளில் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்து ஒழித்துவைத்திருந்தார்கள். போகி வந்தது. மரக்காலும் உறியும் ஏற்றச்சாலின் மரக் கட்டையும் எந்தெந்த வாசலில் எரிந்ததென்று நான் பார்க்கவில்லை, நம் தெருவில் நீங்களெல்லாம் பறை கொட்டிக்கொண்டிருந்தீர்கள், நானும்தான் கொட்டினேன். இரும்பும் செம்பும் பழைய சாமான்காரர் சைக்கிளில் போயின. சகனுக்குப் பதிலாகப் பாய் வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினார்கள். நல்ல பக்கெட்டுதான், நானே அதில் தண்ணீர் சேந்தியிருக்கிறேன்.

அம்மா சாகிற வரைக்கும் அந்த நாளைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாள். அன்றைக்குத் தாங்கள் மட்டும் இல்லாவிட்டால் தங்கச்சி மானம் போயிருக்கும், தலைவர்தான் முன்னாலேயே உரத்துக்கென்று முடிவு செய்துவிட்டார் என்பாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஆமாக்கா என்பாள். எனக்கு மட்டும் உள்ளே கொதிக்கும். யார் மேல் கோபப்படுவது? அம்மா மேலா, தங்கள் வீட்டுச் சீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்த தெருப் பெண்கள் மேலா? சித்தி மேல்தான் அதிகம் கோபப்பட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. இப்போது எனக்கும் வயதாகிவிட்டது, அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு என்னாலும் சொல்லியிருக்க முடியாது என்று தெரிகிறது. தெரிந்து என்ன?

இனி போன தை மாசத்துக்கு வருகிறேன். சொசைட்டி வேறு கட்டிடத்துக்குப் போய் ரேடியோ ரூம் காலியானது, குரூப்பில் யாரோ அந்த மியூசியத்தை மறுபடி வைத்தால் என்ன என்று கேட்டது, நீங்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கியது எல்லாம் தெரிந்ததுதான். பாய் வீட்டுப் பிள்ளை குவைத்திலிருந்து கண்ணாடி அலமாரிக்கு ஏற்பாடு செய்தார். கூரையில் பழைய ஓடுகளை மாற்றினீர்கள். வீட்டில் கிடக்கும் பழசைக் கொண்டுவாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னீர்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சித்தி இப்போது புதுச்சேரியில் என்னோடுதான் இருக்கிறாள். அவளை வைத்துத் திறக்க வேண்டும் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

காரில் வரும்போது சித்தி மடியில் ஒரு துணிப்பையை வைத்திருந்தாள். கனமாக இருந்தது. என்னவென்று கேட்டேன், பேசாமல் வா என்றாள். மணிமுத்தாற்றுப் பாலத்தில் கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னாள்.

நீங்களெல்லாம் கைதட்டினீர்கள், அவள் ரிப்பனை வெட்டினாள். உள்ளே போனோம். கண்ணாடி அலமாரிக்குள் எவர்சில்வர் குடங்கள், பேர் வெட்டியவை, வரிசையாக. ஒயர் கூடை. டிபன் கேரியர். துபாய் டேப்ரிக்கார்டர், கைப்பிடி உடைந்த ரோஜாப்பூக் கோப்பை ஒன்று. என் தம்பி கொடுத்தனுப்பிய அம்மாவின் குக்கர், அடியில் கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டு, அந்தக் காலத்து பிரஷர் குக்கர் என்று. தப்பு சொல்லவில்லை, அதெல்லாம் இப்போது பழசுதான். உங்களிடம் இருந்ததை நீங்கள் கொடுத்தீர்கள், அன்றைக்கு அவர்கள் கொடுத்த மாதிரியே.

சித்தி குக்கர் முன்னால் போய் நின்றாள். கண்ணாடிமேல் விரலை வைத்தாள். அவள் கை துணிப்பையின் வாய்க்கயிறு வரை போனதைப் பார்த்தேன். பிறகு கயிற்றை இறுக்கிப் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். கிளம்பும்போது நான் அதை எடுத்துவந்து, இராத்திரி வீட்டில் பிரித்துப் பார்த்தேன், அப்பா சுட்டுக் கொடுத்த வில்லைகள். மரக்கால், உறி, சகன், குந்தாணி, ஏற்றச் சால். ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை.

எப்படி இருக்கிறது என்று நீங்கள் அவளைக் கேட்டீர்கள், வீடியோவில்கூட இருக்கிறது. "நல்லா இருக்குதுப்பா, இதுதான் இருக்குது" என்று அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தீர்கள். அடுத்து அவள் கேட்டதை வீடியோவில் வெட்டிவிட்டீர்கள். "தெனம் யாருப்பா தொறந்து பெருக்குவீங்க?" என்று கேட்டாள். ஒருவர் சென்னை, ஒருவர் குவைத், ஒருவர் ஓசூருக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார். பால்வாடி டீச்சருக்குப் பிள்ளைகளோடு நேரமில்லை, பஞ்சாயத்தில் ஆளில்லை. யாராவது ஒருவர் வைத்துக்கொள்வோம் என்று பேசிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் நீங்கள் பிரியாணிப் பொட்டலத்தோடு சாவியையும் என் கையில் திணித்தீர்கள்.

காரில் சித்தி கையை நீட்டினாள். கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அதன் பிறகு அந்த அறை திறக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. என் மூட்டுவலியோடு மாதம் ஒருமுறைகூட என்னால் வர முடியவில்லை, சித்திக்கு இப்போது கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. தினம் குளித்து வந்ததும் பொட்டுக்கு முன்னால் சாவியைத்தான் முடிகிறாள். இங்கே மேகம் கறுத்தால் பால்கனியில் வந்து நின்றுகொண்டு, அங்கே மழை பெய்கிறதா, ஓடு ஒழுகுகிறதா என்று கேட்கிறாள். இன்று காலையும் கேட்டாள். யாருக்குப் போன் போட்டுக் கேட்பது என்று உங்கள் பேர்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அங்கே இருக்கிறவர் யாருமில்லை. மழை இல்லை சித்தி என்று சொல்லிவிட்டேன்.